ஒன்ராறியோவில் தேனீப் பெட்டியைக் குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்துதல்: அறிகுறிகளைக் கொண்டு கோளாறு நீக்கும் முறை

கனடாவின் தென் ஒன்ராறியோவில் தேனீ வளர்ப்போர் பலர், குளிர்கால ஆயத்தம் என்றதும் பெட்டியைச் சுற்றிக் கட்டும் கறுப்புப் போர்வையையே முதலில் நினைக்கின்றனர். அது பயனுள்ளதுதான். ஆனால் எந்தப் பெட்டி ஏப்ரலில் உயிரோடு இருக்கும் என்பது, போர்வை கட்டும் நவம்பருக்கு வெகு முன்னரே, ஆகஸ்ட் கடைசிக்கும் ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஆறு வாரமளவே. இலையுதிர் காலத்தில் பிறப்பவையோ உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு மாதம் உயிர்வாழ்ந்து, இளவேனிலின் முதல் புழுக்களையும் வளர்த்துக் கொடுக்க வேண்டியவை. அந்த ஒரு தலைமுறை நோயின்றிப் பிறந்ததா, அதற்குப் போதிய உணவு இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

குளிரைப் பற்றி ஒன்றை மட்டும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வெளிவெப்பநிலை 14 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது தேனீக்கள் அடைகளுக்கிடையே ஒன்றாகத் திரளத் தொடங்குகின்றன. குளிர் கூடக் கூடத் திரள் இறுகுகிறது. அவை பறக்கும் தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்குவது திரளுக்காக மட்டுமே. பெட்டிக்குள் இருக்கும் காற்றை அவை சூடாக்குவதில்லை. புழு இருக்கும்போது திரளின் நடுப்பகுதி 35 பாகையை ஒட்டியும், வெளிவிளிம்பு 10 பாகையை ஒட்டியும் இருக்கும்.

ஊரில் இந்தியத் தேனீயை வளர்த்துப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்தத் தேனீ, உணவு குறைந்தாலோ தொல்லை கூடினாலோ பெட்டியை விட்டு ஓடிவிடும். இங்கு வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ அவ்வாறு போவது அரிது. இருந்த இடத்திலேயே இருந்து மடியும். எனவே “கூட்டம் ஓடிப்போய்விட்டது” என்று இங்கு ஒருவர் சொன்னால், அந்தப் பெட்டியை நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியைப் பின்புறமாகத் தூக்கினால் இலேசாக எழுகிறது

செப்டெம்பர் நடுப்பகுதியில் இதைக் கண்டால் திருத்தப் போதிய காலம் இருக்கிறது. நவம்பரில் கண்டால் ஏறக்குறைய இல்லை. தென் ஒன்ராறியோவில் இரண்டு அடுக்குப் பெட்டி ஒன்றுக்குக் குளிர்காலம் முழுவதற்கும் 30 கிலோ அளவில் தேன் வேண்டும். ஆழமான சட்டம் (தேனீக்கள் அடை கட்டும் மரச்சட்டகம்) ஒன்று இருபுறமும் மெழுகால் மூடப்பட்டு நிறைந்திருந்தால் அதில் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை தேன் இருக்கும். ஆகவே பத்து முதல் பன்னிரண்டு சட்டங்கள் நிறைந்திருக்க வேண்டும். அரைகுறையாக நிறைந்தவற்றைச் சேர்த்துக் கணக்கிடலாம்.

கையால் தூக்கிப் பார்த்து மதிப்பிடுவது பழகியவர்களுக்குச் சரிவரும். மற்றவர்களை அது ஏமாற்றும், ஏனெனில் பழைய கறுத்த அடைகளும் மகரந்தமும் நல்ல கனம் உடையவை. விமானப் பயணத்துக்காக வீட்டில் வைத்திருக்கும் கொக்கித் தராசே இதற்குப் போதும். அடிப்பலகையின் ஒரு பக்கத்தைக் கொக்கியால் சற்றே நிலத்திலிருந்து எழும்பும் அளவுக்குத் தூக்கி அளவைக் குறித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தையும் அவ்வாறே தூக்கி, இரண்டையும் கூட்டினால் பெட்டியின் மொத்த எடை ஏறத்தாழக் கிடைத்துவிடும். வெற்றுப் பெட்டியையும் வெற்றுச் சட்டங்களையும் ஒருமுறை நிறுத்து வைத்திருப்பவருக்கு மீதிக் கணக்கு எளிது.

குறையை நிரப்ப, இரண்டு கிலோ வெள்ளைச் சீனிக்கு ஒரு லீட்டர் தண்ணீர் என்ற அளவில் தடித்த பாகு கொடுக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகு சீனியைப் போட்டுக் கலக்குவதே சரி. சீனியை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அடிப்பிடித்துக் கருகும், கருகிய சீனி தேனீயின் குடலுக்கு ஆகாது. பழுப்புச் சீனி, வெல்லச் சர்க்கரை, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கடைத்தேன் ஆகியவற்றையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். கடைத்தேனில் நோய்க்கிருமி இருக்கவும் கூடும். பத்துக் கிலோ சீனி, பெட்டிக்குள் போய் மூடப்படும்போது ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ சேமிப்பாகிறது. அறுவடைக்குரிய தேன் அறை பெட்டியில் இருக்கும்போது பாகு வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், சொல்லிவைக்கிறேன்.

காலமே இங்கு முக்கியம். பாகை வாங்கி, நீரை ஆவியாக்கி, மெழுகால் மூடுவதற்குத் தேனீக்களுக்கு வெதுவெதுப்பான நாட்கள் வேண்டும். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே நிலைத்துவிட்டால் அவை பாகு ஊட்டிக்கு ஏறி வருவதில்லை. ஏறி வந்து எடுத்தாலும், மூடப்படாத பாகு புளித்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். செப்டெம்பர் முழுவதும் வேகமாகக் கொடுத்து, ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்து, மிஞ்சிய பாகை ஊட்டியோடு வெளியே எடுத்துவிட வேண்டும். என் கருத்தில், தேன் அறைகளை ஆகஸ்ட் கடைசியிலேயே எடுத்துவிட்டு, செப்டெம்பரில் வயல்வெளியெங்கும் மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ரொட் தேனைப் பெட்டிக்கே விட்டுவிடுவது, அதையும் எடுத்துவிட்டுப் பிறகு சீனி வாங்கிக் கொட்டுவதைவிட மேலானது.

தேன் நிறைய இருக்கிறது, தேனீக்கள் இல்லை

ஒக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பெட்டியைத் திறந்தால் அடைகளில் தேன் அப்படியே இருக்கிறது. ஒரு பிடித் தேனீக்களும் ராணியும் மட்டும் எஞ்சியிருக்கின்றன, அல்லது அவையும் இல்லை. ஓடிப்போய்விட்டதாகச் சொல்லப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. புழு அடை ஒன்றை எடுத்து, வெளிச்சம் பின்னாலிருந்து விழுமாறு தலைகீழாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அறைகளின் மேற்சுவரில் உப்புத்தூள் போன்ற வெண்ணிறப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அவை வரோவா உண்ணியின் எச்சம். மூடிய அறைகளிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி இறந்துபோன இளந்தேனீக்களும் அங்கங்கே இருக்கும். அந்தப் பெட்டிக்கு இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை. அருகிலுள்ள மற்றப் பெட்டிகளை உடனே சோதிக்க வேண்டும்.

இந்த உண்ணி இயல்பில் இந்தியத் தேனீயின் ஒட்டுண்ணி. அந்தத் தேனீ தன் உடலைத் துடைத்தும், உண்ணி பிடித்த புழுவை அகற்றியும் அதனோடு வாழப் பழகிக்கொண்டது. ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. உண்ணி, புழு அறை மூடப்படும் தறுவாயில் உள்ளே புகுந்து கூட்டுப்புழுவை உறிஞ்சி வாழ்கிறது; வளர்ந்த தேனீயின் கொழுப்புத் திசுவையும் உண்கிறது. சிறகைச் சுருக்கும் நச்சுயிரியையும் பரப்புகிறது. ஐந்து மாதம் வாழ வேண்டிய தேனீயின் முதலீடே அந்தக் கொழுப்புத்தான் என்பதால், செப்டெம்பரில் உண்ணி பெருகிய பெட்டி நவம்பரில் காலியாவதில் வியப்பில்லை. 2021-22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் ஏறக்குறைய 45 சதவீதப் பெட்டிகள் இழக்கப்பட்டபோது, முதன்மைக் காரணமாகப் பலராலும் சொல்லப்பட்டது இந்த உண்ணியே.

வாசலில் சிறகு சுருங்கிய தேனீக்கள் ஊர்ந்துபோவதைக் கண்ட பிறகு மருந்து வைப்பது காலங்கடந்த செயல். கண்ணுக்கு எதுவும் தெரியாத ஆகஸ்டிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த புழுக்கள் உள்ள சட்டம் ஒன்றை எடுத்து, அதில் ராணி இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, அரைக் கோப்பைத் தேனீக்களை அகன்ற பாத்திரத்தில் உதறி அள்ள வேண்டும். அது 300 தேனீக்கள் அளவில் இருக்கும். அவற்றை மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்ப்பு மதுசாரம் ஊற்றிய போத்தலில் இட்டு, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, தேனீக்கள் தங்கும் கண்ணுள்ள வலை வழியாக வெள்ளைத் தட்டில் வடித்தால், செம்பழுப்பு நிறத்தில் தட்டையான முட்டைவடிவ உண்ணிகள் தட்டின் அடியில் படிந்து நிற்கும். 300 தேனீக்களுக்கு ஒன்பது உண்ணி என்றால் 3 சதவீதம். ஒன்ராறியோவில் ஆகஸ்ட் மாதத்துக்கு மருந்து வைக்க வேண்டிய எல்லையாகச் சொல்லப்படுவது அதுவே. முந்நூறு தேனீக்களைக் கொல்வதற்குத் தயங்குவோர் உண்டு. செழிப்பான பெட்டியில் ராணி ஒரு நாளில் இடும் முட்டைகளைவிட அது குறைவு.

மருந்தைத் தெரிவதில் வெப்பநிலையும் புழுவின் இருப்பும் வழிகாட்டும். போமிக் அமிலப் பட்டை மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியையும் கொல்லும் என்பதால் ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டெம்பருக்கும் ஏற்றது. ஆனால் பகல் வெப்பநிலை 10 பாகைக்கும் 29 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும், கடும் வெயிலில் வைத்தால் ராணியை இழக்க நேரலாம். அமித்ராஸ் என்னும் உண்ணிக்கொல்லி ஏற்றிய கீற்றுகள் வெப்பத்தை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை. எனினும் 42 முதல் 56 நாட்கள் வரை பெட்டியில் இருக்க வேண்டியவை என்பதால், ஒக்டோபரில் தொடங்கினால் குளிர்காலத் தேனீக்கள் ஏற்கெனவே கெட்டுப் பிறந்திருக்கும். ஒக்சாலிக் அமிலம் தேனீயின் உடலில் ஒட்டியிருக்கும் உண்ணியை மட்டுமே கொல்லும். மூடிய அறைக்குள் அது எட்டாது. ஆகவே புழு வளர்ப்பு ஏறக்குறைய நின்றுவிடும் நவம்பரில், திரள் முற்றிலும் இறுகிவிடாத ஒரு நாளில், முதல் மருந்துக்குத் துணையாகக் கொடுப்பதே அதன் சரியான பயன். இவை யாவும் அமிலமும் நஞ்சும் ஆகையால், பொதியில் உள்ள அளவை மீறாமலும், அமிலங்களுக்குரிய கையுறை, கண்ணாடி, முகமூடி அணிந்தும் கையாள வேண்டும். மருந்துக் காலம் முடிந்ததும் மறுபடி எண்ணிப் பார்ப்பதை விட்டுவிடுவோரே மிகுதி. மருந்து வேலை செய்யாமற்போவதும், அயலில் சரிந்துபோன பெட்டியிலிருந்து உண்ணி திரும்ப வந்து சேர்வதும் அவ்வாறு எண்ணும்போதுதான் தெரியவரும்.

செப்டெம்பரில் பெட்டியிலிருந்து நாற்றம் வருகிறது

முதலில் அஞ்ச வேண்டியதில்லை. கோல்டன்ரொட் தேன் முதிரும்போது, நாள்முழுதும் அணிந்து கழற்றிய காலுறையின் நெடி பெட்டியைச் சுற்றிப் பல அடி தூரத்துக்கு வீசும். தேன் மூடப்பட்டதும் அது அடங்கிவிடும். ஆனால் நாற்றத்தோடு, மூடிய புழு அறைகளின் மூடிகள் கறுத்து, உள்வாங்கி, ஊசியால் குத்தியதுபோல் ஓட்டையாகத் தெரிந்தால், தீக்குச்சி ஒன்றை அந்த அறைக்குள் விட்டுக் கிளறி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். உள்ளே இருப்பது பழுப்புநிறப் பசையாகி, அறுந்துபோகாமல் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு நூலாக நீண்டு வந்தால், அது அமெரிக்க ஃபவுல்புரூட் என்னும் புழு அழுகல் நோயாக இருக்கலாம். அந்தப் பெட்டியின் சட்டங்களை வேறெங்கும் மாற்றாமல், வாசலைச் சுருக்கி, மாகாணத் தேனீ அலுவலருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஒன்ராறியோவின் தேனீச் சட்டப்படி அது கட்டாயம். பெட்டிகளை ஆண்டுதோறும் பதிவுசெய்வதும் அச்சட்டப்படி கட்டாயமே. அந்நோயின் வித்திகள் மரத்திலும் மெழுகிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதால், அந்தப் பெட்டியை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ஆபத்தானது.

முட்டையும் புழுவும் காணவில்லை

ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு முட்டை குறைவதும் நிற்பதும் இயல்பு. செப்டெம்பர் தொடக்கத்தில் அப்படியிருந்தால் ராணி இல்லாதிருக்கலாம். ஐயத்தைத் தீர்க்க, வேறு நலமான பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டம் ஒன்றைத் தேனீக்களை உதறிவிட்டு இதற்குள் வைத்து, நான்கைந்து நாட்களில் பார்க்கலாம். அதில் அவை ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் ராணி இல்லை என்பது உறுதி. வாசலைப் பார்ப்பதும் உதவும்: இலையுதிர் காலத்தில் வேலைக்காரத் தேனீக்கள் ஆண் தேனீக்களைப் பிடித்திழுத்து வெளியே தள்ளும். மற்றப் பெட்டிகள் எல்லாம் தள்ளி முடித்த பிறகும் ஒரு பெட்டியில் மட்டும் ஆண் தேனீக்கள் தாராளமாக நடமாடினால், அங்கு ராணியைப் பற்றி ஐயப்பட இடமுண்டு.

புது ராணி கிடைக்கும் காலமாயின் வாங்கி விடலாம். கட்டும் ராணி அறையை நம்பிக் காத்திருப்பது வீண். அது பிறந்து வெளியே வரும்போது கலப்பதற்கு ஆண் தேனீக்கள் இரா. கலக்காத ராணியோடு குளிர்காலத்துக்குள் போகும் பெட்டியை மே மாதத்தில் எவரும் கண்டதில்லை எனலாம்.

கூட்டம் சிறிதாக இருக்கிறது

காலைக் குளிரில் உள்மூடியைத் திறந்து மேலிருந்து பார்க்கும்போது, தேனீக்கள் ஐந்து சட்டங்களின் இடைவெளியைக்கூட நிரப்பாவிட்டால், அந்தப் பெட்டியை வேறொன்றோடு இணைத்துவிடுவதே நல்லது. இணைப்பதற்கு முன் அது ஏன் சிறுத்தது என்று அறிய வேண்டும். நோயோ உண்ணியோ காரணமாயின் நலமான பெட்டிக்கும் அதையே கொடுத்ததாகிவிடும். இரண்டு ராணிகளில் தரம் குறைந்ததை முதல் நாள் அகற்றிவிட்டு, வலிய பெட்டியின் மேல் ஒரு தாள் செய்தித்தாளை விரித்து, அதில் ஓரிரு சிறு கீறல்கள் இட்டு, மெலிந்த கூட்டத்தின் அறையை அதன் மேல் வைத்தால், அவை தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் மணம் ஒன்றாகிவிடும். பெட்டி எண்ணிக்கை குறைகிறதே என்று இதைத் தள்ளிப்போடுவோர் இளவேனிலில் இரண்டையும் இழப்பது வழக்கம்.

வாசலில் ஒரே ஆரவாரம்

பிற்பகலில் இளந்தேனீக்கள் பெட்டியை நோக்கியபடி மேலும் கீழுமாக மிதந்து, சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் அது இடம் அறியும் பறப்பு. தேனீக்கள் கட்டிப்புரண்டு விழுவதும், மூடி இடுக்குகளை முகர்வதும், வாசற்பலகையில் மெழுகுத் துணுக்குகள் சிந்திக் கிடப்பதும், இருட்டும்வரை அடங்காததும் கொள்ளை. செப்டெம்பரில் மஞ்சட் குளவிகளும் சேர்ந்துகொள்ளும். வாசலை ஓரிரு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சுருக்கி, மற்ற இடுக்குகளை அடைத்து, பாகை மாலையில் மட்டும், ஒரு துளியும் வெளியே சிந்தாமல் வைக்க வேண்டும். ஆரவாரம் முற்றியிருந்தால் நனைத்த துணியைப் பெட்டியின் மேல் போர்த்திவிடலாம்.

உள்மூடியில் நீர்த்துளிகள்

பத்துக் கிலோ தேனை உண்டு எரிக்கும் கூட்டம், ஆறு லீட்டருக்கு மேற்பட்ட நீரை ஆவியாக வெளிவிடுகிறது. அந்த ஆவி மேலே போய்க் குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியாகித் திரளின் மேலேயே சொட்டினால், வறண்ட கடுங்குளிரைத் தாங்கிய கூட்டமும் நனைந்து இறக்கும். தீர்வு மூன்று இடங்களில் இருக்கிறது: மூடிக்கு மேல் வெப்பம் கடத்தாத பலகை வைத்தால் மூடியின் அடிப்பக்கம் குளிராது; உள்மூடியில் சிறிய மேல்வாசல் விட்டால் ஆவி வெளியேறும், கீழ்வாசல் பனியால் அடைபட்டாலும் தேனீக்களுக்கு வழி இருக்கும்; பெட்டியை முன்புறம் சற்றுச் சரித்து வைத்தால் தேங்கும் நீர் வாசல் வழியே ஓடிவிடும். போர்வை இதற்குப் பிறகே. அதை வெதுவெதுப்பான ஒக்டோபரில் அவசரப்பட்டுக் கட்டுவதைவிட நவம்பர் நடுப்பகுதியில் கட்டுவது நன்று. மேல்வாசலை மூடிக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ராணித் தடுப்புத் தகடு (வேலைக்காரத் தேனீ நுழையக்கூடிய, ராணி நுழைய முடியாத துளைகள் கொண்டது) பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். திரள் தேனைத் தேடி மேலே நகரும். தகடு இருந்தால் ராணி மட்டும் கீழே நின்று குளிரில் இறந்துவிடும்.

அடிப்பலகையில் மெழுகுத் தூளும் வைக்கோலும்

எலி குடிபுகுந்துவிட்டது. இரவுகள் குளிரத் தொடங்கும் செப்டெம்பர் கடைசியிலேயே அவை இடம் தேடும். ஆகவே வாசலின் உயரத்தை 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் தகட்டால் குறைத்துவிட வேண்டும். மரத்துண்டை அவை கொறித்துவிடும். தகடு வைக்கும் முன், எலி உள்ளே இல்லை என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பனியில் இறந்த தேனீக்களும் பழுப்புக் கறைகளும்

சனவரியில் வாசலின் முன் பனியில் சில பத்துத் தேனீக்கள் இறந்து கிடப்பது, உள்ளே உயிர் இருப்பதற்கே சான்று. இறந்தவற்றை வெளியே தள்ள யாரோ இருக்கிறார்கள். வெயில் அடித்த நாளில் அவை வெளியே வந்து கழிவை அகற்றும் என்பதால், பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளிப் பனியில் காணப்படும் மஞ்சட்பழுப்புக் கறைகளும் இயல்பானவையே. கறைகள் வாசற்பலகையிலும் சட்டங்களின் மேற்புறத்திலும் தீற்றியிருந்தால்தான் புளித்த பாகையோ நொசீமா என்னும் குடல் நோயையோ ஐயப்பட வேண்டும்.

குளிர்காலத்தில் பெட்டியைத் திறக்காமலே நிலையை அறியலாம். காற்றில்லாத நாளில் பக்கப்பலகையில் காதை வைத்து, விரலால் ஒருமுறை தட்டினால், நலமான கூட்டம் ஒருமித்து இரைந்து உடனே அடங்கும். ஒலி மூடிக்கு மிக அருகில் கேட்டால், திரள் மேலே ஏறிவிட்டது, உணவு குறைந்திருக்கலாம். பக்கத்துச் சட்டத்தில் தேன் இருந்தும், கடுங்குளிரில் திரள் அதற்கு நகர முடியாமல், அறைகளுக்குள் தலையைப் புதைத்தபடி பட்டினியால் இறப்பதும் உண்டு. பெப்ரவரியில் அப்படி ஐயம் எழுந்தால், 5 பாகையைத் தாண்டும் ஒரு நண்பகலில் மூடியை ஓரிரு நிமிடம் மட்டும் திறந்து, திரளுக்கு நேர் மேலே சட்டங்களின் மீது செய்தித்தாளை விரித்து, அதன் ஓரத்தைத் தேனீக்கள் எட்டுமாறு விட்டு, சற்றே நீர் தெளித்த வெள்ளைச் சீனியை இரண்டு கிலோ அளவில் குவித்து மூடிவிட வேண்டும். சீனிக்கு இடம் வேண்டுமென்பதால் இரண்டு மூன்று அங்குல உயரச் சட்டகம் ஒன்றை மூடிக்குக் கீழே சேர்க்க வேண்டியிருக்கும். அதை நவம்பரிலேயே வைத்துவிட்டால் நடுக்குளிரில் வேலை பாதியாகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சீனி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, முதல் மகரந்தம் வாசலில் தென்படும்வரை நிரப்பிக்கொண்டு வரலாம்.